மிதிக்கும்போது இளகும் சைக்கிள்

"ஹியரிங்ல சிம்பிள்ங்கிற வார்த்தை உங்க வாயிலேருந்து வரவே கூடாது" என்று ஆறுமுகத்திடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"வராது மேடம்" என்று தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆரியசாலையில் உடற்பயிற்சிச் சாமான் கடையும் சின்னப் பட்டறையும் வைத்திருப்பவர். எந்த மெஷினை விற்றாலும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார். நான் கரமனையில் பேட்டன்ட் ஏஜென்ட். அந்த வார்த்தை எங்கள் தொழிலுக்கு விஷம்.

அவர் பட்டறையில் செய்தது முட்டிவலிக்காரர்களுக்கான சைக்கிள். மிதிக்கும்போது கால் தளர்ந்தால் அந்த நொடியே காந்தம் விலகி ரெசிஸ்டன்ஸ், அதாவது பெடலின் இறுக்கம், குறையும். பேட்டன்ட் ஆபீஸின் ஆட்சேபம் வழக்கமானதுதான். காந்த சைக்கிள் ஏற்கெனவே உண்டு, மிதிக்கும் விசையை அளக்கும் சென்சாரும் உண்டு. இரண்டையும் சேர்க்கத் துறை தெரிந்த எவருக்கும் தோன்றும், அப்படித் தோன்றுவதற்குப் பேட்டன்ட் கிடையாது. இதற்குள் ஒரு பெரிய கம்பெனி அதே சைக்கிளை விற்கத் தொடங்கிவிட்டது. பேட்டன்ட் கிடைக்காவிட்டால் ஆறுமுகம் பட்டறையை மூட வேண்டியதுதான்.

வீடியோவில் ஹியரிங், அதாவது விசாரணை. சென்னையில் முடிவு சொல்லும் அதிகாரியான கன்ட்ரோலர், இங்கே என் மேசையில் நாங்கள் இருவரும். ஆபீஸ் ஆட்சேபத்தில் காட்டியிருந்த பழைய காந்த சைக்கிள் டாகுமென்ட்டில் இருந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பக் காட்டினேன். மிதிக்கும் நடுவில் ரெசிஸ்டன்ஸைக் குறைக்காதே, கால் வழுக்கும் என்றது அது. "பொதுவான எச்சரிக்கைதானே" என்று கன்ட்ரோலர் பிடிகொடுக்கவில்லை. பிறகு ஆறுமுகத்தைப் பார்த்து, "இது எப்படி வேலை செய்யுது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

"ரொம்ப சிம்பிளாக்கும் சார்! ஆரு வேணும்னாலும் செய்யலாம்!"

மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். மனிதர் நிறுத்தவில்லை.

"அப்போ யாருக்கும் தோணும்னுதானே ஆபீஸும் சொல்லுது?" என்றார் கன்ட்ரோலர். "சரி, மேடம் காட்டுற அந்த வரியை நீங்க முன்னாடியே படிச்சிருந்தீங்களா?"

"இல்ல சார். படிச்சிருந்தா செஞ்சிருக்கவே மாட்டேன், கேட்டோ. பயந்துல்லா போயிருப்பேன்."

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். "சார், சட்டப்படி துறை தெரிஞ்சவர்னா அதைப் படிச்சவர்தானே? படிச்சவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்!"

கன்ட்ரோலர் அந்த வரியை மறுபடி படித்தார். ஆர்டர் பிறகு வரும் என்று ஹியரிங்கை முடித்தார்.

ஆர்டர் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெயில் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவேன். பேட்டன்ட் கிரான்ட் ஆனதும் ஆறுமுகத்துக்குப் போன் செய்து சொன்னேன். "பட்டறையில சொல்லட்டா மேடம்?" என்றார்.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பழைய டாகுமென்ட்டைப் பிரித்தால், எழுதியவர் எதற்குப் பயந்தார் என்று முதலில் தேடுங்கள்.