நிரப்பாத முகம்

பேத்தியின் மேசையிலிருந்து ஈர வண்ணத்தின் பிசின் வாசனை வந்தது. பள்ளியில் எங்களுக்கு ஓவியம் கற்பித்த வெள்ளைக்காரத் துரையின் வாசனை அது.

வீரபாண்டி ஆற்றங்கரையில் வகுப்புத் தோழர்கள் எங்கள் நால்வரையும் வரைந்தவர், வெயில் விழுந்த என் முகத்தை வெறுந்தாளாகவே விட்டார். நீர்வண்ணத்தில் வெளிச்சத்தை அப்படித்தான் காட்ட வேண்டுமாம், முறைப்படி சரி.

“எம்புள்ளைக்கு மட்டும் சாயம் பத்தலையாக்கும்?” என்று அம்மா பொருமினாள்.

அந்த வருடக் காய்ச்சலில் மற்ற மூவரும் போனார்கள். ஆறுதலாக என் முகத்தையாவது நிரப்பித் தரலாமென்று துரை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தொட்றாதீக தொரை! சாயம் ஏறுன மூணும் போயிருச்சுக,” என்று அம்மா தூரிகையைத் தட்டிவிட்டாள்.

அலுவலகத்தில் காலிக் கட்டம் உள்ள படிவங்களையெல்லாம் திருப்பியனுப்பியே ஓய்வு பெற்றவன் நான். துரையின் படத்தில் இந்த ஒன்றை மட்டும் காலியாகவே வைத்திருந்தேன்.

“தாத்தா, ஒங்களுக்கு மூஞ்சியே இல்ல. நானே போட்டுட்டேன்,” என்றாள் பேத்தி.

வண்ணம் இன்னும் காயவில்லை.