வளைகாப்பு அன்று வாயை மூடச் சொன்னோம்

போன ஞாயிற்றுக்கிழமை, மைசூரில் இருக்கும் என் அண்ணன் மகன் வீட்டுக்கு ஹனூரிலிருந்து அண்ணி வந்தார். கையில் ஒரு பை தேங்காய். வாயில் ஒரு உத்தரவு. மருமகள் செல்வியும் பேத்தியும் உடனே ஊருக்கு வர வேண்டும், நாற்பத்தெட்டு நாள் கோயிலில் விளக்குப் போட வேண்டும். கிரகண தோஷமாம்.

பேத்திக்கு இரண்டு வயது. இன்னும் நிற்கவில்லை. வலது கை விரல்கள் மூடியே இருக்கும். வாரம் மூன்று நாள் தெரபி. போன மாதம்தான் அந்தக் கையால் முதல் தடவையாக ஒரு பிஸ்கட்டைப் பிடித்தாள். இப்போது போய் நிறுத்துவதா?

“வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு, கிரகணத்தன்னைக்கு பீன்ஸ் நறுக்குனா. அதான் கை இப்புடி” என்றார் அண்ணி. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு வருடமாகக் குனிந்தேதான் இருக்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பீன்ஸுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னது இதுதான். வயிற்றுக் குழந்தைக்கு வேண்டிய ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகத்தான் போகிறது. அது குறைந்தால் குழந்தை அசைவைக் குறைத்துக்கொள்ளும் — இருப்பதை மிச்சம் பிடிக்க. அதற்கு மேலும் நீண்டால் மூளை அடிபடும். ஆனால் பிஞ்சு மூளை... விடாமல் பழக்கினால் அடிபடாத பகுதி கொஞ்சம் வேலையை எடுத்துக்கொள்ளும்.

அசைவு குறைந்ததை யாருமே கவனிக்கவில்லையா?

கவனித்தாள். செல்விதான். வளைகாப்பு மணையில் உட்கார்ந்துகொண்டு, “சின்னத்தை, நேத்திலருந்து பாப்பா அசையவே இல்ல” என்றாள். சொன்னது என்னிடம். அவளுக்கு அப்போது ஒரு கைக்குத்தான் வளையல் போட்டிருந்தேன். பாதியில் எழக் கூடாது, நல்ல நாளில் அந்தப் பேச்சே கூடாது என்று நாலு பெண்கள் சேர்ந்து அவளை உட்கார வைத்தோம். “எல்லாம் சரியாத்தான் இருக்கும், பேசாம இரு” என்று சொன்னது இந்த வாய்தான்.

மறுநாள் போனோம். ஸ்கேன் பார்த்த கையோடு ஆபரேஷன்.

முதல் நாளே போயிருந்தால்? டாக்டரைக் கேட்டேன். “உறுதியா சொல்ல முடியாதும்மா” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை இதை அப்படியே போட்டு உடைத்தேன். “அவ நறுக்குனது தப்பில்ல அண்ணி. அவ சொன்னத நாம கேக்காததுதான் தப்பு. நீங்களும் இருந்தீங்க, நானும் இருந்தேன்.”

“மருமக முன்னால வச்சு எம் மானத்த வாங்கற, அம்மிணி.”

“என்னுதும் சேந்துதான் போகுது. போகட்டும்.”

செல்வி நிமிர்ந்தாள். மைசூரில் வளர்ந்தவள், கோபம் வந்தால் கன்னடம் முந்திக்கொள்ளும். “பேட... வேணாம் அத்தை, நான் வரல. நாளைக்குக் காலைல பாப்பாவுக்கு தெரபி. விளக்க நீங்க போடுங்க. அவ கைய நான் பாத்துக்கறேன்.”

அண்ணி தனியாகத்தான் பஸ் ஏறினார். என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

உங்கள் வீட்டு வளைகாப்பில், குழந்தை அசையவில்லை என்று ஒருத்தி சொன்னால் வண்டியை எடுங்கள் — பந்தி காத்திருக்கட்டும்.