ராத்தாவைக் கொண்டுவருவதற்கான காப்புறுதி

மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகுமுன் ராத்தா என்னையும் இழுத்துக்கொண்டுதான் கல்முனையில் இருந்த பயண முகவரிடம் போனாள். கூடப்பிறந்தவள், எனக்கு மூத்தவள். என்னைக் கேட்காமல் ஒரு சீலைகூட எடுக்கமாட்டாள். எடுத்த பிறகு நான் சொன்னதைக் குறை சொல்லுவாள். அவளோடு போகவிருந்த அவள் புருஷன், என் மச்சான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முகவர் பயணக் காப்புறுதியை விளக்கினார். அங்கே வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு, பெட்டி தொலைந்தால் நட்டஈடு, விமானம் பிந்தினால் ஒரு தொகை. ஏற்கெனவே இருக்கிற வருத்தங்களை மறைத்தால் ஒன்றும் கிடைக்காது என்றார். ராத்தா பிரஷரையும் சீனி வருத்தத்தையும் மறைக்காமல் சொன்னாள். கடைசி விடயத்துக்கு வந்ததும் மனிதரின் குரல் இறங்கிவிட்டது. அங்கே உயிர் பிரிந்து மௌத்தானால் ஜனாஸாவை, உடலை, ஊருக்குக் கொண்டுவரும் செலவும் இதற்குள் அடக்கமாம்.

"அது எனக்கு வேணா, அதக் கழிச்சிட்டுத் தாங்க," என்றாள் ராத்தா. "மக்காவில மௌத்தாகிற நசீப் கிடைச்சா நான் என்னத்துக்கு இஞ்ச வாற? அங்கயே அடக்குங்க."

அதை மட்டும் தனியாகக் கழிக்க முடியாது என்றார் முகவர். மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மண்ணில் அடங்குவது பெரிய பாக்கியம் என்றுதான் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உம்ராவை முடித்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் பிடித்தது. நெஞ்சில் சளி கட்டி, மக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காப்புறுதிக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் முடியாது. ஆஸ்பத்திரிப் பணத்தை அவர்களே நேரடியாகக் கட்டினார்கள். மச்சானுக்குத் தங்க அறையும் பிடித்துக் கொடுத்தார்கள்.

ஒரு நாள் மச்சான் எனக்கு வீடியோ கோல் எடுத்து, போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் மூச்சுக் கவசத்தை ஒதுக்கிவிட்டு, "என்ன ஊட்ட கொண்டு போகச் சொல்லுகா," என்றாள். வீட்டுக்கு வரவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. என்னை வாய் திறக்க விடாதவள் அவள்.

உடனே கொழும்பிலிருந்த காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். அங்கிருந்த பெண்பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். "கொண்டு வரலாம் மேடம். ஸ்ட்ரெச்சர், கூட ஒரு நர்ஸ், எல்லாம் நாங்க பாப்போம். ஆனா விமானத்துல வரலாம்னு டாக்டர் எழுதித் தரணும்."

டாக்டர் தரவில்லை. இந்த நுரையீரலோடு ஏற்றினால் பாதி வழி தாங்கமாட்டாள் என்றாராம். நான் அந்தப் பிள்ளையோடு சண்டை பிடித்தேன். மறுநாளும் பிடித்தேன். அவள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டொரு நாளில், விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, ராத்தா மௌத்தானாள். இங்கே வீடு நிறையச் சனம். "கொடுத்து வெச்ச மனிசி," என்றார்கள், "ஆருக்குக் கிடைக்கும் இந்த நசீப்?" ஒவ்வொருவரையும் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. நசீபை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு என் ராத்தா வேண்டும்.

அப்போது அந்தக் காப்புறுதிக் கம்பனிப் பிள்ளை போன் எடுத்தாள். அனுதாபம் சொல்லிவிட்டு, "ஜனாஸாவ ஊருக்குக் கொண்டு வரணுமா மேடம்? எல்லா ஏற்பாடும் நாங்க செய்வோம்," என்றாள். இந்தத் தடவை டாக்டர் எதையும் எழுதித் தரத் தேவையில்லை. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மச்சானுக்கு எடுத்தேன்.

"ஊட்ட வரணும் என்டு அவ சொன்னா மச்சான். ஒங்கட கையிலதானே போன் இருந்த."

அவர் அழுதார். "உசிரோட வரத்தானே புள்ள கேட்டா," என்றார். "மையித்தா வரக் கேக்கல்லயே."

அன்று மாலை அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஹரத்தில், கஃபா இருக்கும் பள்ளியில், தொழுவித்து அங்கேயே அடக்குவதென்று முடிவாயிற்று. கொழும்புக்குத் திரும்ப எடுத்து, "வேணா மகள்," என்றேன்.

"சரி மேடம். அப்ப திரும்பி வர்ற டிக்கெட்ட மாத்தித் தாறோம்." கொஞ்சம் தயங்கினாள். "ஒரு ஆளுக்குத்தானே?"

"ஓம்," என்றேன். "ஒரு ஆளுக்குத்தான்."