தலைப்புக்குக் கீழே ஒரு வெற்றிடம்

தொண்ணூறுகளின் கடைசியில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் இணையப் பக்கங்கள் செய்யும் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு தடிமனான புத்தகத்தில் பாதியைப் படித்திருந்ததால் அங்கே நான்தான் நிபுணன். புத்தகத்தை வாங்கியவர் என்பதால் முதலாளி என்னைவிடப் பெரிய நிபுணர்.

கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய் தன் கடைக்கு ஓர் இணையப் பக்கம் கேட்டார். மேலே கடையை ஆரம்பித்த அவருடைய வாப்பாவின் படம், அதன் கீழே ‘எங்கள் துணிவகைகள்’ என்று ஒரு தலைப்பு, அப்புறம் அட்டவணை. எல்லாம் சரி. தலைப்புக்கும் அட்டவணைக்கும் நடுவில் மட்டும் ஒரு லோரி நிறுத்தும் அளவுக்கு இடம் கிடந்தது.

"இது என்ன தம்பி, காலி நெலம் மாதிரி கெடக்கு?" என்றார் பாய்.

"அது டிசைன் லா, பாய். கண்ணுக்கு ஓய்வு," என்றார் முதலாளி.

"என் கண்ணு ஓய்வு கேக்கலையே."

அன்று முழுவதும் அட்டவணையோடு மல்லுக்கட்டினேன். பார்டரை எடுத்தேன், உயரத்தைக் குறைத்தேன். இடைவெளி அசையவில்லை. கடைசியில் புத்தகத்தின் படிக்காத பாதியைத் திறந்து, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ்ஸில் மார்ஜினுக்கு, அதாவது சுற்றி விடும் இடத்துக்கு, மைனஸ் எண்ணும் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தேன். கொடுத்தேன். அட்டவணை மேலே ஏறிப் பாந்தமாக உட்கார்ந்தது. முதலாளி என் தோளைத் தட்டிவிட்டு, தானே செய்ததாகப் பாய்க்கு போன் போட்டார்.

மறுநாள் காலை பாய் நேரிலேயே வந்துவிட்டார். அவர் கணினியில் இருந்த பிரௌசர் வேறு. அதில் அட்டவணை தலைப்பையும் தாண்டி ஏறிவிட்டதாம்.

"எங்க வாப்பா தாடிமேல ‘உள்பாவாடை’ன்னு எழுதியிருக்கு," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலாளிக்கு உடனே பங்சாரில் ஓர் அவசர வேலை நினைவுக்கு வந்தது. போய்விட்டார்.

சாலாக் செலாத்தானிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பெண் எங்களுக்குத் தமிழ் தட்டச்சு செய்வார். நிபுணர்கள் பட்டியலில் அவர் இல்லாததால் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவராகவே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அண்ணே, அந்த மைனஸை எடுத்துடுங்க. தலைப்பையும் அழிச்சுப் பாருங்க."

அழித்தேன். இடைவெளியும் கூடவே போய்விட்டது.

"டேபிள் மேல தப்பில்லண்ணே. தலைப்புதான் தனக்குக் கீழ எடம் புடிச்சு வெச்சிருக்கு. அதோட கீழ் மார்ஜினை சைபர் ஆக்குங்க."

தலைப்பைத் திரும்பப் போட்டு, ஒரே ஒரு வரி எழுதினேன். பாய் வைத்திருந்த பிரௌசரையும் திறந்து பார்த்தேன்; இரண்டிலும் அட்டவணை தலைப்பை ஒட்டி, ஒழுங்காக நின்றது. ஒரு குற்றமும் செய்யாத அட்டவணையை ஒரு நாள் முழுக்க உதைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவருக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும் என்ற எண்ணம் சுட்டது.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு. ஆனா ரொம்ப ஒட்டிக்கிச்சே. கொஞ்சம் எடம் விடலாமா?"

அந்தப் பெண் சைபரை அழித்து எட்டு என்று தட்டினார். பாய் அவருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.