ஆன்ரி, நீங்கள் என்ன ஆக்கள்?

பிறப்பதற்கு முன் உங்களிடம் யாராவது கேட்டார்களா?

‘இந்தா, இத்தனை விதமான ஆக்கள் இருக்கினம். உமக்கு எது விருப்பம்? வால் வேணுமா, கூர்க்காது வேணுமா, தாடி வேணுமா?’ என்று?

என்னிடம் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். “ஏன் அம்மா கேக்கேல்ல?” என்று என் மகள் யாதவி கேட்டுப் பல நாளாகிறது. அவளுக்கு எட்டு வயது. “முதல்ல பல்லைத் தீட்டிட்டு வாங்கோ” என்றேன். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

போன மாதம் இந்தப் பத்தியில் லன்ச் பொக்ஸ் பற்றி நான் புலம்பியதை வாசித்து ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அந்தப் பிரச்சினை இப்போது கடுகளவாகிவிட்டது. ஏனென்றால் அதற்குப் பிறகு என் தங்கச்சியின் கலியாணத்தையே குழப்பப் பார்த்தேன் — ஒரே ஒரு சொல்லால்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

யாதவி போனும் கையுமாக இருக்கிறாள் என்று நான் பயந்தேன். (நான் எதற்குத்தான் பயப்படவில்லை?) என் கணவர் சொப்ட்வெயார் கொம்பனியில் வேலை. கம்பஸில் படித்த காலத்தில் விளையாடிய ஒரு விளையாட்டை அலுமாரிக்கு மேலிருந்து தூசி தட்டி எடுத்து வந்தார். ஒரு வரைபடம், ஒரு தடித்த புத்தகம், இருபது முகம் உள்ள டைஸ். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளாளுக்கு ஒரு பாத்திரமாகப் போவார்கள். என்ன நடக்கும் என்பதை டைஸ் தீர்மானிக்கும். எங்கள் வீட்டில் கதை சொல்பவர் இவர். ஆகவே மழையும் இவர், ஓநாயும் இவர், சத்திரக்காரரும் இவர், பேரரசரும் இவரே. வீட்டில் வேறெங்கும் கிடைக்காத அதிகாரம், பாவம்.

விளையாட்டின் முதல் வேலை, உங்கள் ‘ரேஸ்’ எது என்று தெரிவு செய்வது. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

“ஓட்டப்போட்டியாப்பா?” என்றாள் யாதவி.

தமிழில் சொன்னால்தான் பிள்ளைக்கு விளங்கும் என்று தேடத் தொடங்கினோம்.

“இனம்,” என்றார் இவர்.

“ஐயோ, வேண்டாம்.”

“ஏன்? அதுதானே சரியான தமிழ்?”

“சரிதான். ஆனா இந்த நாட்டில அந்தச் சொல்லுக்குப் பின்னால ‘பிரச்சினை’ எண்டு தானா வந்து ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பள்ளிக்கூடத்தில போய்ச் சொன்னாள் எண்டால்?”

“சரி, அப்ப சாதி?”

நான் பார்த்த பார்வையில், மேசைக்கு மேலே இருந்த டைஸை அவர் மேசைக்குக் கீழே தேடத் தொடங்கினார்.

“ஆக்கள் எண்டு சொல்லுங்கோ,” என்றேன் நான். “பூனை ஆக்கள். குள்ள ஆக்கள். ஒருத்தருக்கும் நோகாது.”

ஒருத்தருக்கும் நோகாதாம்!

யாழ்ப்பாணத்து வாசகர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பேச்சில் ‘ஆக்கள்’ என்றால் மனிதர்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் நல்ல ஆக்கள், கோயிலில் நிறைய ஆக்கள். ஆனால் அதே சொல்லைக் குரலைத் தாழ்த்தி, வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, “அவை என்ன ஆக்கள்?” என்று கேட்டால்… அது வேறு கேள்வி. சாதியைக் கேட்காமல் சாதியைக் கேட்கிற கேள்வி. கலியாணப் பேச்சில் அது வந்துவிட்டால் தேத்தண்ணி ஆறிப்போகும்.

எனக்கு அந்த நேரம் இது ஓடவே இல்லை. நான் பூனை யோசனையில் இருந்தேன்.

யாதவி பூனை ஆக்கள் ஆனாள். வால் உண்டு, இருட்டில் கண் தெரியும். நான் குள்ள ஆக்கள். மலைக்குக் கீழே சுரங்கம் தோண்டுகிறவர்கள், தாடி கட்டாயம். (என் உயரத்தை வைத்து இவர்தான் சிபாரிசு செய்தார். மறக்க மாட்டேன்.) நாட்டை ஆள்வது மனுச ஆக்களின் பேரரசு. குள்ளருக்கு வரி, கூர்க்காது ஆக்களுக்குப் பழைய ஒப்பந்தம், பச்சை ஆக்களுக்குக் கட்டாயப் பட்டாளம். பூனைகளுக்கோ நகரத்துக்குள் வருவதற்கு பாஸ்.

முதல் நாள் நான் குசினியில் பருப்புக் கடைந்துகொண்டிருந்தேன். முன்னறையில் இவர் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, “நில்! பேரரசின் வாசல் இது. எங்கே போகிறாய் பூனையே?” என்றார்.

என் வாயிலிருந்து தானாகவே வந்தது. “ஐ.சி. கொண்டு போனனியா பிள்ளை?”

 முன்னறையில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அம்மா, பூனைக்கு ஐ.சி. இல்லை!”

நான் பாண் வாங்கக் கீழே இறங்கினாலும் அடையாள அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவேன். இப்போது ஒருவரும் கேட்பதில்லை. ஆனாலும் கை தானாக எடுத்து வைக்கிறது. என் மகள் டைஸை உருட்டினாள். காவலாளியின் காலில் உரசி, ‘புர்ர்ர்’ என்று சத்தம் போட்டு உள்ளே போய்விட்டாள்! எங்கள் காலத்தில் இப்படி ஒரு வழி இருப்பதாக ஒருவரும் சொல்லித் தரவில்லையே?

அடுத்த நாள் அவளுக்கு இன்னொரு கோபம். “அப்பா, ஏன் பூனையளும் மனுச ஆக்களின்ட பாஷையிலதான் கதைக்கோணும்? அவையளுக்கு எங்கட பாஷை தெரியாதா?”

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன்? தெரியாது. வெளியே கடலும் ரயில் பாதையும்தான் இருக்கின்றன.

இப்போது தங்கச்சி கதைக்கு வருகிறேன்.

தர்ஷி எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பையன். அவர்கள் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்த குடும்பம். தகப்பன் இல்லை. கடையைத் தாயே நடத்துகிறார். எங்கள் அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். அம்மா போனில் முதலில் கேட்டதே, “என்ன ஆக்களாம்?”

தர்ஷி போனை வைத்துவிட்டாள். இரண்டு மாதமாக அம்மாவும் மகளும் கதைக்கவில்லை. கடைசியில் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பையனின் தாய் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு வருகிறார், நான் கதைத்துப் பார்த்து நல்லபடி சொன்னால் அம்மா இறங்கி வருவார்.

“அக்கா,” என்றாள் தர்ஷி, “அந்தக் கேள்வி மட்டும் வரக்கூடாது. நீயும் கேக்காத. அவவும் கேக்காமப் பாத்துக்கொள். வந்துது எண்டால் நான் நேரா ரெஜிஸ்டர் ஒஃபிஸ்தான். பிறகு அம்மா என்ர முகத்திலயே முழிக்க மாட்டா.”

சத்தியம் செய்து கொடுத்தேன். எவ்வளவு கவனமாக இருந்தேன் தெரியுமா? அவர்கள் சைவமா மச்சமா என்று கேட்டால்கூட அந்தக் கேள்வியின் வாசம் அடிக்குமே என்று மரக்கறி ரோல்ஸ் ஒரு தட்டில், மீன் ரோல்ஸ் ஒரு தட்டில், இரண்டுக்கும் நடுவே வாழைப்பழத்தை எல்லையாக வைத்தேன். யாதவிக்கும் புத்தி சொன்னேன். “ஆன்ரியோட மரியாதையாக் கதைக்கோணும். சும்மா போனைப் பாத்துக்கொண்டிருக்கக் கூடாது.”

ஆன்ரி வந்தார். நல்ல உயரம், பட்டுப் புடவை, கண்ணில் கடைக்காரரின் கணக்கு. வந்ததும் நேரே மீன் ரோல்ஸை எடுத்தார். அப்பாடா!

“கடல் காத்து நல்லா வருதே,” என்றார்.

“ஓம் ஆன்ரி, நல்ல காத்து,” என்றேன்.

“ரயில் சத்தம் தொந்தரவா இல்லையா?”

“பழகிட்டுது ஆன்ரி.”

இப்படியே கலியாணத்தை முடித்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்த அந்த நேரம், யாதவி அறைக்குள்ளிருந்து டைஸும் வரைபடமுமாக வந்தாள். மரியாதையாக ஆன்ரிக்கு முன்னால் நின்றாள். கணீரென்று கேட்டாள்.

“ஆன்ரி, நீங்கள் என்ன ஆக்கள்?”

தர்ஷியின் கையில் இருந்த தட்டு சாய்ந்து ஒரு ரோல்ஸ் உருண்டு போனது. இவர் மீன்தொட்டியைப் பார்த்தார். எங்கள் வீட்டில் மீன்தொட்டி இல்லை. இருந்திருந்தால் அது எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்தைப் பார்த்தார். நான் உருண்ட ரோல்ஸைப் பிடிக்கக் குனிந்தேன்.

ஆன்ரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மெதுவாக.

“நாங்க என்ன ஆளுங்கன்னு கேக்குறியா பாப்பா?”

“ஓம். வாற ஆக்கள் முதல்ல அதைத்தான் சொல்லோணும்.”

“அப்படியா? யாரு சொல்லிக் குடுத்தாங்க இத?”

“அம்மா!”

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்! ஆன்ரி என் பக்கம் திரும்பினார். ஒரு கெட்ட துணியை நல்ல விலைக்கு விற்க வந்தவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. தர்ஷிக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். “இல்லை ஆன்ரி… அது… பூனை…” என்றுதான் வந்தது.

“நான் பூனை ஆக்கள்,” என்று யாதவி தொடர்ந்தாள். “அம்மா குள்ள ஆக்கள். அவவுக்குத் தாடி இருக்கு. அப்பாதான் பேரரசு. உங்களுக்கு என்ன விருப்பமோ அதை எடுக்கலாம் ஆன்ரி. வால் வேணுமா?”

ரயில் ஒன்று வந்தது. ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. 

“என்ன விருப்பமோ அதை எடுக்கலாமா?” என்றார் ஆன்ரி.

“ஓம்.”

“இதுல வரி கட்டாத ஆளுங்க யாரு?”

“மனுச ஆக்கள்.”

“கேட்ல நிப்பாட்டாதது?”

“அவையளைத்தான்.”

“அப்ப அதையே போடு.” புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு மேசைக்கு நகர்ந்தார். என்னைப் பார்த்தார். இந்த முறை உதடு துடித்தது. பிறகு சிரித்தார் பாருங்கள், ஒரு சிரிப்பு! கீழ் மாடிக்குக் கேட்டிருக்கும்.

“ஏம்மா பயந்துட்டியா? எங்கள எத்தனை பேரு கேட்டிருக்காங்க! வெள்ளவத்தையில ஒரு மாதிரி கேப்பாங்க, இந்தியாவுக்குச் சரக்கு எடுக்கப் போனா அங்க ஒரு மாதிரி கேப்பாங்க. வால் வேணுமான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “உண்மையச் சொல்லட்டா? நீங்க என்ன ஆளுங்கன்னு எப்படிக் கேக்குறதுன்னு கொட்டாஞ்சேனையில இருந்து ஆட்டோவுல யோசிச்சிட்டே வந்தேன். இனி எப்படிக் கேக்குறது? தாடி வெச்ச குள்ள ஆளுங்கன்னு தெரிஞ்சு போச்சே!”

தர்ஷி அழுதுகொண்டே சிரித்தாள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். இவர் பேரரசர் என்பதால் அழவில்லை.

அன்றே விளையாடத் தொடங்கினோம். ஆன்ரி பேரரசரிடம் பேரம் பேசிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருட்டுவதற்குள் வடக்கு மாகாணத்துக்கு ஆளுநர் ஆகிவிட்டார். பேரரசர் என்ன கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்று தெரியாமல் விழித்தார்.

அடுத்த நாள் காலை அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தார்.

“சரி, வந்தவையே? என்ன ஆக்களாம்?”

“மனுச ஆக்கள் அம்மா.”



“அது தெரியும்… வேற?”

“வேற ஒண்டும் கேக்கேல்ல அம்மா. மீன் ரோல்ஸ் சாப்பிட்டவ. நல்லாச் சிரிச்சவ. தர்ஷிக்கு ஒரு குறையும் வராது.”

அம்மா ‘ம்’ என்றார். இன்னொரு ‘ம்’ என்றார். பிறகு, “போனைத் தர்ஷியிட்டக் குடு” என்றார். அவ்வளவுதான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் கதைத்தார்கள். இப்போது தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்க்கிறார்கள்.

உண்மையிலேயே அவர்கள் என்ன ஆக்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சில நேரம் கேட்டிருக்க வேண்டுமோ என்று அம்மாவுக்காக ஒரு பயம் வரும். கேட்காதது எவ்வளவு நிம்மதி என்று அடுத்த நிமிடம் தோன்றும். பிறகு யாதவியின் அந்தக் கேள்வி திரும்ப வரும். ஏன் எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை? விட்டிருந்தால் நான் எதை எடுத்திருப்பேன்? தெரியாது. தாடி பழகிவிட்டது.

இப்போது எனக்கு உங்கள் ஆலோசனை வேண்டும். அவசரம்.

ஆன்ரி சனிக்கிழமை தவறாமல் வருகிறார். ஆளுநராகிக் குள்ளரின் சுரங்க வரியை இரட்டிப்பாக்கிவிட்டார். பூனைகளுக்குப் புதிதாக இன்னொரு பாஸ் — வாலுக்குத் தனியாக! யாதவி கொதித்துப் போயிருக்கிறாள். பூனைகள் கிளர்ச்சிக்குத் தயார். ஆனால் கோட்டைக்குள் போக ஒரே வழி என் சுரங்கம். கதவின் சாவி என்னிடம். “திறப்பீங்களா அம்மா?” என்று மகள் தினமும் கேட்கிறாள். “அக்கா, கடவுளே எண்டு கலியாணம் முடியட்டும், பிறகு கிளர்ச்சி செய்” என்று தங்கச்சி கெஞ்சுகிறாள்.

பொம்பிளை வீட்டுக்காரி, மாப்பிள்ளையின் தாய்க்கு எதிராகச் சுரங்கக் கதவைத் திறக்கலாமா? திறந்தால் முறையா? திறக்காவிட்டால் என் மகள் என்னை என்ன ஆக்கள் என்று நினைப்பாள்?

சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். கொஞ்சம் மறைமுகமாக எழுதுங்கள் — ஆளுநர் அம்மாவும் இந்தப் பத்தியை வாசிக்கிறார்.