தலைவியின் வெறும் பை

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு வெறும் ஜூஸ் போத்தல் என் தலைக்கு மேலால் பறந்துபோனபோது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரம். யாரோ ஒருவன் இருந்த இடத்தில் இருந்தபடியே எறிந்த போத்தல் நேரே குப்பை வாளிக்குள் போய் விழ, மண்டபமே கைதட்டியது. மீள்சுழற்சிக்கென்று வைத்த நீலப் பெட்டி பக்கத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு சும்மா நின்றது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைதட்டுத்தானே இவர்களுக்கு வேண்டும்? போட்டி வைத்தால் போகிறது. எந்த வகுப்பு அதிகம் சேர்க்கிறதோ அதற்குப் பீற்சா. இவ்வளவு லேசான விஷயம் பெரியவர்கள் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ரீச்சருக்கு யோசனை நன்றாகப் பிடித்துவிட்டது. இது முழுக்க முழுக்க மாணவர்களே நடத்தும் திட்டமாக இருக்கட்டும் என்றார். அதாவது, ரீச்சர் கோப்பியோடு கதிரையில் இருப்பார், நான் ஓடித் திரிய வேண்டும். என்னைத் தலைவி ஆக்கி, முழங்கால் வரைக்கும் தொங்குகிற பச்சை மேலங்கி ஒன்றையும் மாட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்வது போதாது, வீட்டிலிருந்தும் வெறும் போத்தல், பேணி எல்லாம் கொண்டுவரலாம் என்று விதி போட்டதும் நான்தான். வெள்ளிக்கிழமை எந்த வகுப்பின் குவியல் பெரிதோ அதற்கு வெற்றி.

திங்கட்கிழமை காலை எல்லாரும் பையோடு வந்தார்கள். மாமாவின் மகன் எனக்கு அடுத்த வகுப்பு. டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டடத்திலேயே, எங்களுக்கு மேல் மாடியில் அவர்களும் இருந்தார்கள். இரண்டு கையிலும் இரண்டு பை தூக்கி வந்தவன், வாசலில் மேலங்கியோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்து, எல்லாருக்கும் கேட்கக் கத்தினான்.

"பிரெசிடென்ற்! உன்ர பாக் எங்க?"

என்னிடம் பை இருந்தது. பைக்குள் போட ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் எறிகிற சாமான் என்று ஒன்றே கிடையாது. யோகட் பேணிக்குள் மிளகாய்த்தூள், ஐஸ்கிரீம் வாளிக்குள் வறுத்த மா, ஜூஸ் போத்தலுக்குள் நல்லெண்ணெய். மாஜரின் பேணி அப்பாவின் மத்தியானக் கறியைச் சுமந்துகொண்டு பிறம்ரனில் அவருடைய வெயர்ஹவுஸ் வரைக்கும் போய், பின்னேரம் அவரோடேயே திரும்பி வரும். பால் வருகிற பைகூட அம்மாவிடமிருந்து தப்பாது. மேல் ஓரத்தை வெட்டி, கழுவி, குசினிக் குழாயில் கவிழ்த்துக் காயவைப்பார். அடுத்த நாள் அதற்குள் எனக்குப் புட்டு வரும். மீள்சுழற்சித் தலைவி பால் பைக்குள் கையை விட்டுப் புட்டுத் தின்பதை ஒருவரும் பார்த்துவிடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் கெஞ்சினேன்.

"அம்மா, ஒரு பேணி தாங்கோவன்."

"உது உள்ளி போட."

"அப்ப அது?"

"அது அப்பான்ர கறிக்கு."

"சும்மா இருக்கிறது ஒண்டும் இல்லையோ?"

"சும்மா இருக்கிறது நீதான். வந்து வெங்காயத்தை உரி."

செவ்வாய்க்கிழமையும் வெறுங்கையோடு போனேன். மாமாவின் மகன் அதே கேள்வியைக் கேட்டான். இந்த முறை அவனோடு சேர்ந்து கேட்க ஒரு கூட்டமும் இருந்தது. என் வகுப்பிலேயே இரண்டு பேர், வேறு தலைவி பார்க்கலாம் என்று கதைக்கத் தொடங்கினார்கள். என்னுடைய போட்டி, என்னுடைய விதி, என்னுடைய மேலங்கி. எல்லாம் ஒரு யோகட் பேணி இல்லாமல் கைவிட்டுப் போகப்போகிறது என்று நினைக்க அழுகை வந்தது.

என்னைக் காப்பாற்றியது மாமி. அவருக்கு அந்த நோக்கம் துளியும் இருக்கவில்லை. எலிவேற்றருக்குள் அம்மாவைக் கண்டவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "மச்சாள், உங்கட பிள்ளை தலைவியாம், ஆனா ஒண்டும் கொண்டு வாறேல்லையாம். ஏன், வீட்டில சாமான் வாங்கிறேல்லையோ?"

அம்மா வீட்டுக்குள் வந்த வேகத்தில் கதவு தானாகவே அடித்துச் சாத்தியது. அப்பா அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, கழட்டாதேங்கோ. போய்த் தண்ணிப் போத்தல் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"ஏன், குழாயில தண்ணி வரேல்லையோ?"

"தண்ணி வருகுது. போத்தல் வரேல்லை."

அப்பா காரில் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். இனிப் போத்தல்களை வெறுமையாக்க வேண்டும். குடித்துத் தீர்க்க ஒரு மாதமாவது பிடிக்கும். சிங்கில் ஊற்றலாமே என்று நான் சொன்னதற்கு அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் அல்லவா? முதலில் சோற்றுப் பானை நிறைந்தது. பிறகு கேத்தில், பிறகு கறிச்சட்டிகள். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்றுகூட இல்லை என்ற பேணிகள் அலுமாரிக்கு மேலிருந்தும் சிங்குக்குக் கீழிருந்தும் வரிசையாக இறங்கி வந்தன. ஃபிரிட்ஜ் முழுக்க யோகட் பேணிகள். எதைத் திறந்தாலும் தண்ணீர்.

"கடையில தண்ணி வாங்கி, பேணியில ஊத்தி வைச்சிட்டு, வெறும் போத்தலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறன்," என்றார் அப்பா, மூடியைத் திருகிக்கொண்டே. "வேலையில ஆரிட்டையும் சொல்லிப் போடாதேங்கோ."

வெள்ளிக்கிழமை நாங்கள் வென்றோம். மாமி வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கோலா வாங்கியிருந்தார்கள். கோலாவைப் பேணியில் ஊற்றிவைத்துச் சோறு காய்ச்ச முடியாதே! அவ்வளவையும் குடித்துத் தீர்த்த மாமாவின் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான். அதிபர் குவியலுக்கு முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார். இந்தப் பள்ளிக்கூடம் இவ்வளவு மீள்சுழற்சி செய்ததே இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஒன்ராறியோ ஏரியையே தனியாளாகக் காப்பாற்றியவள் போல நான் நிமிர்ந்து நின்றேன். பிறகு பீற்சா வந்தது. கடதாசித் தட்டும் பிளாஸ்ரிக் கோப்பையுமாகத் தின்று முடித்து, எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பையில் திணித்தோம். போட்டி முடிந்துவிட்டதால் அந்தக் கோப்பைகள் கணக்கில் சேராதே என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

எங்கள் வீட்டில் எறிய ஏன் ஒன்றுமே இருக்கவில்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. அது எங்கள் வீட்டின் குறை. அந்தக் குறையை ஒரு கிழமை பாடுபட்டு நீக்கிவிட்டோம் என்றுதான் அன்று நம்பினேன்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துக்குப் பச்சைப் பெட்டி வருகிறது, சாப்பாட்டுக் கழிவுக்கு, என்று ரீச்சர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு நடந்து வருவதற்குள் முழுத் திட்டமும் தயார். எந்த வகுப்பு அதிகம் மிச்சச் சாப்பாடு சேர்க்கிறதோ அதற்குப் பரிசு. உள்ளே வந்ததும் சட்டிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் துடைத்து வைத்தது போல இருந்தன. அம்மா யோகட் பேணித் தண்ணீரில் அரிசி களைந்துகொண்டிருந்தார். அப்பா சோற்றுக் கோப்பையில் கடைசிப் பருக்கையை வழித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எங்கட வீட்டில ஏன் சாப்பாடு மிஞ்சிறதே இல்லை?"

அம்மா அரிசியிலிருந்து கையை எடுக்காமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பிப் போய், மேசையில் கிடந்த கார்த் திறப்புக் கொத்தை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

நான் அதற்குள் போட்டி அறிவித்தல் எழுதப் பச்சைப் பென்சிலைத் தேடத் தொடங்கிவிட்டேன்.