குண்டாற்று முகத்துவாரத்தில் அலை எண்ணிய நாட்கள்

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டே கால் மணிக்குச் சிக்கலில் சாயல்குடி பேருந்து ஏறினேன். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். கடல் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அய்யா மிளகாய் மூட்டையைத் தைத்துக்கொண்டே, "வாலிநோக்கத்துல இருக்கிறதும் அதே கடல்தானப்பா" என்றார். சரிதான். ஆனால் நான் போனது கடலைப் பார்க்க அல்ல, அலையைப் பார்க்க.

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை உதறி, இதுதான் அலைநீளம், இதுதான் அலைவு நேரம் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். புத்தகத்தில் இருப்பதை அப்படியே நம்பி வளர்ந்தவன். இருந்தும் உண்மையான அலையை உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில்லை.

அழைத்தவன் அமல். இராமநாதபுரத்தில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். குண்டாறு கடலில் சேரும் இடத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. இப்போது இராமேஸ்வரம் தீவில் அலைச்சறுக்குப் பயிற்சி முகாம் ஒன்றில் சொல்லிக்கொடுக்கிறான். போன வாரம் போனில் விஷயத்தைச் சொன்னான்.

"மாப்ளே, எங்கூரு முகத்துவாரத்துல ஒடையிற அலை தீவுல எங்கயும் இல்ல. இனிமே இங்கனயே ஆளைக் கூட்டியாந்து சொல்லிக்குடுக்கலாம்னு பாக்கேன். வள்ளம் போற வழியில பலகைக்காரனுக என்னத்துக்குன்னு ஊர்ல மொறைக்கிறாக. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு பேச்சு. சரின்னுட்டா வீட்டோட இருந்துருவேன். இல்லேன்னா திரும்பத் தீவுதான். நீ மூணு நாள் இருந்து அலையை எழுதிக்குடு. வாத்தியார் எழுதுனா ஒரு மதிப்பு."

கடலாடி தாண்டியதும் சாலையோரம் முழுக்கக் குண்டு மிளகாய் காய்ந்தது. பேருந்துக்குள் எல்லோரும் தும்மினார்கள். சாயல்குடியில் மூன்றே கால். மே மாத வெயில் தலையில் இறங்கியது. பேருந்து நிலையத்துக் கடையில் நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு சிவப்புத் துண்டு வாங்கித் தலையில் போட்டுக்கொண்டேன். அந்தத் துண்டைப் பற்றி எழுத வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

அமல் பைக்கோடு நின்றான். அங்கிருந்து முகத்துவாரம் வரை பைக் மீட்டரில் ஒன்பது கிலோமீட்டர். பனை, சீமைக்கருவேல், மறுபடி பனை. பிறகு திடீரென்று வெள்ளை மணல். இருபது வீடு, சிலுவை நட்ட ஒரு சிறு குருசடி, கரையேற்றிய பத்து வள்ளம். விசைப்படகுகளுக்குத் துறைமுகம் வேறு பக்கம் இருக்கிறது. இந்த வள்ளக்காரர்கள் ஆற்று வாய் வழியாகத்தான் போய்வருகிறார்கள்.

மாலை ஐந்தரை. முதல் பார்வையில் ஏமாற்றம்தான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடல் கலைந்த படுக்கை மாதிரி கிடந்தது. எது அலை, எது நுரை என்று பிரிக்கவே முடியவில்லை. அமலின் அக்கா செலின் பாறை மீன் குழம்பை ஊற்றியபடி கேட்டார்: "ஏலே அமலு, அலை பாக்க வந்த மனுசனுக்கு அலையே காட்டலயா?"

"காலைல காட்டுறேன்க்கா. காத்து படுக்கணும்ல."

வெள்ளி காலை ஐந்தே முக்கால். காற்று படுத்திருந்தது. முகத்துவாரத்தின் கிழக்குக் கரையில் இரண்டு ஆள் உயர மணல்மேடு ஒன்று இருக்கிறது. அதில் ஏறி நின்றேன். நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று இன்னும் யோசிக்கிறேன்.

கடல் எண்ணெய் தடவியது போல் வழவழவென்று இருந்தது. அதில் வெகுதூரத்தில் ஒரு கருங்கோடு. கோடு நெருங்க நெருங்க வரப்பாகி, வரப்பு கண்மாய்க் கரையாகி, மேற்குப் பக்கத்து மணல் திட்டைத் தொட்டதும் நிமிர்ந்து நின்றது. ஒரேயடியாக விழவில்லை. மேற்கு முனையில் உடையத் தொடங்கி, துணியைக் கிழிப்பது போல் சீராக, கிழக்கே ஆற்று வாய்க்காலை நோக்கி உடைந்துகொண்டே வந்தது. உடையாத பக்கம் கண்ணாடி. அதற்குள் காலை வெளிச்சம் பச்சையாகத் தெரிந்தது. அடுத்தது வந்தது. அதுவும் அதே இடத்தில், அதே மாதிரி.

ஆற்றில் மழைத்தண்ணீர் வருவது வருடத்தில் சில நாள்தான். அந்தச் சில நாளில் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல்தான் இந்தத் திட்டு. மற்ற நாளெல்லாம் கடல்தான் ஆற்றுக்குள் போய்வருகிறது. வத்தம், அதாவது கடல் வற்றி இறங்கும் நேரம், ஆற்றுக்குள் இருந்த தண்ணீர் வெளியே ஓடும்போது எதிரே வரும் அலை இன்னும் செங்குத்தாக நிமிர்கிறது. ஏற்றத்தில் அதே அலை சோம்பலாக உருண்டுபோகிறது. ஆக, விடியலில் வத்தமும் அமைந்து, கச்சான் எழும்பும் ஒன்பது மணிக்குள் கிடைப்பதுதான் நல்ல அலை. இதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அமல் மஞ்சள் பலகையோடு வாய்க்கால் வழியாகக் கைகளால் துழாவி வெளியே போனான். என் போனில் அன்றைய கணிப்பு இருந்தது: உயரம் ஒன்றே கால் மீட்டர், இடைவெளி பதினான்கு விநாடி. கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது செலின் அக்கா மேடேறி வந்தார். கையில் செபமாலை, தோளில் ஒரு பழைய சிவப்புத் துணி.

"என்ன தம்பி, எம்புட்டு வருது?"

"பதினாலு செகண்ட்கா. போன்லயும் அதேதான் போட்டிருக்கு."

"ஒரு மங்கள வார்த்தை" என்றார் அவர்.

மாதாவுக்குச் சொல்லும் சிறு செபம் அது. நிதானமாகச் சொன்னால் பதினான்கு விநாடி ஆகிறது. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அக்கம்பக்கத்துக் காற்றில் எழும் அலை பாதிச் செபத்துக்குள் வந்துவிடுமாம். முழுச் செபத்துக்கும் காத்திருந்து வந்தால் அது தூரத்து அலை, மரியாதை கொடுக்க வேண்டும். தூரத்து அலை கூட்டமாக வரும். ஐந்து, ஆறு பெரியது. அப்புறம் செபமாலையில் பத்து மணி உருட்டுகிற அளவுக்குக் கடல் அமைதி. வள்ளம் உள்ளே வர மூன்று மங்கள வார்த்தை போதும். நான்கு வருடமாக நான் கயிற்றை உதறிச் சொன்னதெல்லாம் அந்தச் செபமாலையில் கோத்துக் கிடந்தது.

ஏழு மணிக்கு வள்ளங்கள் திரும்பின. திட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. அக்கா உதடு அசைய மணி உருட்டிக்கொண்டிருந்தவர், சட்டென்று சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் தூக்கி வீசினார். முதலில் உள்ளே வந்தது அவருடைய கணவர் சூசை அத்தானின் வள்ளம். 'வீட்டுக்காரரைத் துணி வீசி வரவேற்கிறார். எவ்வளவு அன்பு!' என்று நோட்டில் எழுதினேன். அந்த வரியை இப்போதும் அடிக்கவில்லை.

சனி காலை. இடைவெளி பதினாறு விநாடி, உயரம் ஒன்றரை மீட்டர். முந்தைய நாளைவிட அலை கனமாக இருந்தது. திட்டில் விழும் சத்தம் மேட்டின் மணலுக்குள் அதிர்ந்தது. ஏழு பத்துக்கு இரண்டு வள்ளங்கள் திட்டுக்கு வெளியே வந்து நின்றன. செலின் அக்கா மீன்கூடை எடுத்துவர வீட்டுப் பக்கம் இறங்கியிருந்தார். மேட்டில் நான் மட்டும்.

அப்போது அமல் ஓர் அலையைப் பிடித்தான். மேற்கு முனையில் எழுந்து நின்றவன், பின்னால் வெள்ளையாக இடிந்து துரத்த, அந்தக் கண்ணாடிச் சுவரின் குறுக்கே ஏறி, இறங்கி, ஒரு கையால் தண்ணீரைத் தடவிக்கொண்டே வாய்க்கால் வரை வந்தான். பத்தொன்பது விநாடி. எங்கள் பக்கம் மஞ்சுவிரட்டில் நல்ல மாட்டைப் பிடித்தவனுக்குத் துண்டைச் சுழற்றுவோம். கை தானாகப் போயிற்று. தலையில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துச் சுழற்றினேன்.

வெளியே ஒரு எஞ்சின் உறுமியது. முன்னால் நின்ற வள்ளம் வாய்க்காலை நோக்கி வேகமெடுத்தது. பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "துண்டைப் போடு! கீழ போடு!" அவர் மணலில் ஓடிவந்துகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வள்ளத்தில் உட்கார்ந்தவனுக்குக் கண் தண்ணீர் மட்டத்தில். பின்னால் வருவது ஒன்றா, ஆறா என்று தெரியாது. மேட்டில் நிற்பவருக்கே தெரியும். அவர் சிவப்புத் துணியை வீசினால் உள்ளே வரலாம் என்று அர்த்தம். வள்ளத்துக்குப் பின்னால் கருங்கோடுகள் வந்துகொண்டிருந்தன. நான் எண்ணினேன். ஐந்து.

துண்டைக் கீழே போட்டேன். வேகமெடுத்துவிட்ட வள்ளத்தில் அது யாருக்குத் தெரியப்போகிறது?

அமலுக்குத் தெரிந்தது. அடுத்த அலைக்காக வாய்க்காலில் மறுபடி வெளியே போய்க்கொண்டிருந்தவன் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டான். பலகையின் வாலைத் தண்ணீருக்குள் அமுக்கி, முன்பக்கத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி, வள்ளத்தின் வழியில் மஞ்சள் கம்பம் போல் பிடித்துக்கொண்டு நின்றான். எஞ்சின் சத்தம் அடங்கியது. வள்ளம் அரைவட்டம் போட்டுத் தலையைக் கடலுக்குத் திருப்பியது. முதல் அலை அதைத் தூக்கியது. அடிப்பலகை முழுவதும் எனக்குத் தெரிந்தது. ஒரு ஐஸ் பெட்டி தெறித்து விழுந்தது. பிறகு வள்ளம் அந்தப் பக்கம் இறங்கி மறைந்து, அடுத்த அலையின் உச்சியில் மறுபடி தெரிந்தது. அமல் பலகையை விட்டுவிட்டு முங்கினான். ஐந்து அலை முடிய எவ்வளவு நேரம் என்று நான் எழுதிவைக்கவில்லை.

அக்கா மேட்டில் ஏறி, என்னைப் பார்க்காமல், மணி உருட்டத் தொடங்கினார். குரல் நடுங்கியது. எண்ணிக்கை நடுங்கவில்லை. துணியை வீசினார். இரண்டு வள்ளமும் வந்தன. அமல் நீந்தி வந்தான். பலகை கரையில் ஒதுங்கிக் கிடந்தது. முனை ஒரு சாண் உடைந்திருந்தது.

முன்னால் வந்தது சூசை அத்தானின் வள்ளம். "யாருலே துண்டு தூக்குனது?" என்று கேட்டபடி இறங்கினார்.

"நான்தான் அத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கூருக்காரன்னா பல்லு இருக்காது. வாத்தியாராப் போயிட்டீரு."

"நேத்து நான் வீசுனப்ப என்னன்னு நெனச்சீக தம்பி?" என்றார் அக்கா.

மறைக்கத் தோன்றவில்லை. "அத்தானை வரவேக்கிறீங்கன்னு நெனச்சேன்கா."

வலை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கட்டிக்கிட்டு பதினோரு வருசமாச்சு. இவருக்குத் துணி வீசி வரவேப்பு வேறயாக்கும்."

அமல் மட்டும் உடைந்த முனையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாளைக்குப் பேச ஒண்ணுமில்ல மாப்ளே. அவுக சொன்னது சரியாப் போச்சு. திங்கக்கெழம தீவுக்குப் போறேன்." அவனுக்கு மதிப்புச் சேர்க்க வந்தவன் நான்.

ஞாயிறு எட்டரை. பூசை முடிந்து குருசடி நிழலில் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் எழுதியதைப் படித்தேன். விடியல் வத்தம், ஒன்பது மணிக் கச்சான், ஒரு மங்கள வார்த்தை. சனிக்கிழமைப் பத்தியையும் விடாமல் படித்தேன், என் துண்டு உட்பட.

படித்து முடித்ததும் ஒரு பெரியவர் சொன்னார்: "ஒத்த வாத்தியார் வந்ததுக்கே இந்தக் கூத்து. இருவது பேரு வந்தா இருவது துண்டு வரும்."

பதில் சொன்னவர் சூசை அத்தான். "வரட்டுமே. நேத்து கரையிலேருந்து ஒருத்தரு என்னைய வான்னாரு. நானும் முட்டாத்தனமா யாருன்னு பாக்காம வந்தேன். வெளிய நின்னு வேணாம்னது யாரு? இத்தன வருசமா மேட்டுல கண்ணு இருக்கு, தண்ணியில கண்ணு இல்ல. அமலு காலைல பலகையோட வெளிய நிக்கட்டும். கடைசி வள்ளம் கரையேறுற வரைக்கும் வேற ஒருத்தனும் தண்ணியில எறங்கக் கூடாது. அதுக்கப்புறம் அவன் யாருக்கு வேணா சொல்லிக்குடுக்கட்டும்."

பெரியவர் தாடியைச் சொறிந்தார். "மேடு?"

"மேட்டுல நான் மட்டுந்தான்" என்றார் செலின் அக்கா. பெரியவர் சரியென்று தலையாட்டினார்.

'இங்கே துண்டு தூக்காதீர்' என்று ஓர் அறிவிப்புப் பலகை எழுதி வைக்கட்டுமா என்று நான் கேட்டேன். "அதைப் படிச்சுட்டு, இங்கன பாருன்னு பக்கத்துல நிக்கிறவனுக்குக் கையத் தூக்கிக் காட்டுவான். சும்மா இருங்க தம்பி" என்றார் அக்கா.

அமல் உடைந்த பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். கொடியில் காய்ந்த தன் சட்டைகளை எடுத்து, திங்கட்கிழமைக்குத் தயாராக வைத்திருந்த பையில் போடாமல், அலமாரியில் வைத்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன். துண்டை அங்கேயே விட்டுவரப் பார்த்தேன். அக்கா மடித்துப் பையில் திணித்துவிட்டார்: "உங்கூருல தலை துவட்டிக்கங்க."

பிற்பகல் மூன்று நாற்பதுக்குச் சாயல்குடியில் பேருந்து. அதே இருபத்திரண்டு ரூபாய், அதே தும்மல். எங்கள் ஊரில் துண்டு எதற்கெல்லாமோ ஆகும். முகம் துடைக்க, மாடு விரட்ட, சந்தோஷத்தில் சுழற்ற. யாரும் அதை நம்பி உயிரைக் கொண்டுவந்து நீட்டுவதில்லை. பத்து மணி உருட்டும் நேரத்துக்குள் ஒரு குடும்பத்தையே கரையேற்றும் துணியை அந்த மேட்டில்தான் பார்த்தேன். வரும் ஜூன் மாதம் பாடம் நடத்தும்போது கயிற்றை உதறுவதற்கு முன் அதைச் சொல்லப்போகிறேன்.

ஊர் விலக்கில் இறங்கினேன். சாலைக்கு அந்தப் பக்கம் மிளகாய்க் களத்தில் அய்யா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைத் தலைக்கு மேல் தூக்கி வீசினார். வா என்று அர்த்தம். வண்டி எதுவும் வரவில்லை. இருந்தாலும் ஒரு மங்கள வார்த்தை நேரம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சாலையைக் கடந்தேன்.